மதிப்பெண் குறைந்தால் கதவு யாருக்கு மூடுகிறது?

(ஐதராபாத், செகந்திராபாத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் மருத்துவப் பட்டமேற்படிப்பு. "உழைத்துப் பிழைக்கிறவர்கள் கூட்டத்தில் எம்.டி., எம்.எஸ். பற்றி என்ன பேச்சு?" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். லாலாகூடா ரயில்வே பட்டறையிலும், சனத்நகர், பாலாநகர் தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சிலர் இன்று எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார்கள். சிலர் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே, பகலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பட்டமேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையர் சங்கத்துக்கு வந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பையனுக்கு மார்க் குறைந்துவிட்டது. ரேங்க் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் ரேடியாலஜி கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். கிடைக்குமா?"

கிடைக்கும் தோழர்களே. பணம் இருந்தால் கிடைக்கும். பணம் இல்லாவிட்டால் அந்த ரேங்குக்கு அது கிடைக்காது. "கிடைக்கும்" என்று சொன்ன அந்த ஒருவர் பெரும்பாலும் தரகர். இப்படி உடைத்துச் சொல்வது கசப்பாக இருக்கலாம். ஆனால் பேச்சு இதோடு முடியவில்லை. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண்ணிலும் திறக்கிற கதவுகள் சில உண்டு. வெளிமாநிலத்தில் வாழ்கிற நம் குடும்பங்களுக்கு எந்தக் கதவு நம்முடையது என்று தெரியாததால், அதே மதிப்பெண் எடுத்த அண்டை வீட்டுப் பிள்ளை உள்ளே போகிறது, நம் பிள்ளை வெளியே நிற்கிறது. அதைத்தான் இன்று விரிவாகப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் தேர்வு. பட்டமேற்படிப்புக்கான நீட் தேர்வில் 200 கேள்விகள், மொத்தம் 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கூட்டுவார்கள், தவறான விடைக்கு 1 கழிப்பார்கள். கழித்துக் கழித்துப் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகலாம். நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவர்கள் எழுதுகிறார்கள். இதில் பொதுப்பிரிவுக்கு 50வது சதமானம் தகுதி எல்லை என்றும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்பட்டோருக்கு 40வது சதமானம் என்றும் வைத்திருந்தார்கள். சதமானம் என்றால் நூற்றுக்கு ஐம்பது மார்க் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. எழுதியவர்களை வரிசையில் நிறுத்தினால் பாதிப் பேருக்கு மேலே நிற்கிறவன் 50வது சதமானத்தில் இருக்கிறான், அவ்வளவே. 2025 ஆகஸ்டில் நடந்த தேர்வில் அந்த எல்லை 800க்கு 276 மதிப்பெண். மற்ற பிரிவினருக்கு 235.

இனி வேடிக்கையைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எல்லாப் பிரிவினருக்கும் எல்லை பூஜ்ஜியம் சதமானம்! அதாவது தேர்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்து எழுதிய அனைவரும் தகுதி பெற்றவர்கள். 2026 ஜனவரியில் மறுபடியும் குறைத்தார்கள். பொதுப்பிரிவுக்கு 7வது சதமானம், 103 மதிப்பெண். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குப் பூஜ்ஜியம், அதாவது கழித்தல் 40. நாடெங்கும் 18,000க்கு மேற்பட்ட இடங்கள் காலியாகக் கிடந்ததே அதற்குக் காரணம்.

செய்தி வந்தவுடன் பத்திரிகைகளில் ஒரே கூக்குரல். "மைனஸ் மார்க் வாங்கியவன் டாக்டரா? தகுதி போயிற்று, திறமை போயிற்று!" என்றார்கள். அதிலும் சிலர், கழித்தல் 40 என்பதை இடஒதுக்கீட்டின் தலையில் கட்டி எழுதினார்கள். தோழர்களே, இந்தக் கூச்சலில் பாதி அறியாமை, பாதி விஷமம். இந்தத் தேர்வு எழுதுகிறவர் எவரும் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். தேறிய மருத்துவர். இது இருக்கிற இடங்களைப் பங்கிட வரிசை எண் போடுகிற தேர்வு. பட்டமேற்படிப்பில் மூன்றாண்டு பயிற்சி பெற்று, இறுதித் தேர்வில் தேறினால்தான் அவருக்கு எம்.டி. அந்தத் தேர்வை யாரும் தளர்த்தவில்லை. ஆகவே காலி இடத்தை வீணாக்காமல் நிரப்புவது நல்லது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. இரண்டு லட்சம் பேர் போட்டியிடுகிற ஒரு தேர்வில் 18,000 இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது? பசித்தவன் வாசலில் வரிசையாக நிற்கும்போது சோற்றுப் பானை நிறைந்திருக்கிறது என்றால் பானையின் மேல் என்ன விலை எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

காலி இடங்களில் பெரும்பகுதி இரண்டு வகை. ஒன்று, உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், தடயவியல் போன்ற பாடங்கள். இவற்றைப் படித்தவருக்குக் கிளினிக் வைக்க முடியாது, கல்லூரியில் ஆசிரியராகலாம் என்பதால் தேடிப்போகிறவர் குறைவு. மற்றொன்று, தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் உள்ள நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள். இங்கே தெலங்கானாவில் தனியார் கல்லூரியில் நோயாளியைப் பார்க்கிற துறை ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர வேண்டுமானால் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கட்டணம். மூன்றாண்டுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாடு வாழ் இந்தியர் கோட்டா அதற்கும் மேலே. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ரேடியாலஜி, தோல் மருத்துவம் படித்து முடிக்க ஒரு கோடியைத் தாண்டுகிறது. 400 மதிப்பெண் எடுத்த ஏழைப் பிள்ளை அந்த இடத்தை எடுக்க முடியாது. எடுக்கக்கூடிய பணக்காரப் பிள்ளைக்கு 276 வரவில்லை. என்ன செய்வது? கட்டணத்தை இறக்கியிருந்தால் 400 எடுத்தவன் வந்திருப்பான். அவர்கள் கட்டணத்தை இறக்கவில்லை, மதிப்பெண் எல்லையை இறக்கினார்கள்.

இதுதான் தோழர்களே சூட்சுமம். மதிப்பெண் நம்மைத் தடுக்கிற வேலி. அவர்களுக்கு அது நிலத்துக்குத் தக்கபடி பிடுங்கி நடுகிற வேலி.

சரி, தேர்வே வேண்டாம், ஆளைப் பார்த்து எடுக்கட்டுமே என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் அப்படித்தான் என்கிறார்கள். உண்மைதான். அங்கே 1952 முதல் ஒரு முறை நடக்கிறது. மருத்துவர் தான் விரும்புகிற மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி எழுதுகிறார். மருத்துவமனைகள் தாங்கள் விரும்புகிற மருத்துவர்களை வரிசைப்படுத்துகின்றன. இரண்டு பட்டியலையும் பொருத்தி ஒரே நாளில் முடிவைச் சொல்கிறார்கள். இடையில் நேர்முகம் உண்டு, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் உண்டு. அவர்களுடைய முதற்கட்டத் தேர்வுக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் போடுவதையே நிறுத்திவிட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் சொல்கிறார்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளை, "நான் இன்னின்ன வேலை செய்திருக்கிறேன், என்னைப் பாருங்கள்" என்று சொல்ல அங்கே ஓர் இடம் இருக்கிறது.

நம் நாட்டில் அந்த இடம் யாருக்குப் போயிருக்கும்? தமிழர்களாகிய நாம் இதற்கு வேறெங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது, அதற்கு 75 மதிப்பெண் இருந்தது. பெரியகருப்பன் என்ற மாணவரின் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு முறையைப் பிரித்துப் பார்த்தது. தலைப்புவாரியாகத் தர வேண்டிய நேர்முக மதிப்பெண்ணை மொத்தமாகத் தூக்கிப் போட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. மாநிலத்தைக் கூறு கூறாகப் பிரித்துத் தேர்ந்தெடுத்ததும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. "சிபாரிசு இருந்தால்தான் சீட்டு" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோமே, அது வெறும் புலம்பல் இல்லை. பிறகு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது, 2006இல் இயற்றிய சட்டத்தால் அதுவும் போனது, அதன் பின் நீட் வந்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நேர்முகத்தில் அப்பன் பெயரைக் கேட்பார்கள், எழுத்துத் தேர்வில் அப்பன் பணத்தில் வாங்கிய கோச்சிங்கைக் கேட்பார்கள். இரண்டில் எது நமக்குக் கொஞ்சம் குறைந்த தீமை என்றால், நான் எழுத்துத் தேர்வைத்தான் சொல்வேன்.

இனி நம்முடைய தனித் துயரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இருக்கிற தமிழனுக்கும் இல்லாத, தெலங்கானாவில் பிறந்து வளர்ந்த தெலுங்கனுக்கும் இல்லாத துயரம் இது.

மருத்துவ சீட்டும் வெளிமாநிலத் தொழிலாளி குடும்பமும் மோதிய வழக்கு ஒன்று உண்டு. அதில் பாதிக்கப்பட்டவர் ஒரு தெலுங்கர். மர்ரி சந்திரசேகர ராவ் என்ற அந்த மாணவர் ஆந்திரத்தில் தெனாலியில் பிறந்தவர், பழங்குடிப் பட்டியலில் இருந்த சமூகத்தைச் சேர்ந்தவர். தந்தைக்கு மத்திய அரசின் உர நிறுவனத்தில், பழங்குடி ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, குடும்பம் பம்பாய்க்குப் போயிற்று. பிள்ளை பம்பாயில் வளர்ந்தார், அங்கேயே படித்தார், அங்கேயே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். "நீ ஆந்திரத்தில் பழங்குடி, மகாராஷ்டிரத்தில் பழங்குடி இல்லை" என்று மறுத்துவிட்டார்கள். 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்த வாதத்தை ஏற்றது. பட்டியல் என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தை விட்டுப் பிழைக்கப் போகிறவன் தன் சாதியின் இழிவைச் சுமந்துகொண்டு போகலாம், சலுகையைச் சுமந்துகொண்டு போக முடியாது! 1994இல் இன்னொரு வழக்கில், ஒரே பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் அதே முடிவுதான் என்றார்கள். 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மீண்டும் உறுதி செய்தார்கள்.

இந்தச் சட்டம் நியாயமா? இடம் பெயர்வது தொழிலாளியின் விருப்பமா, வயிற்றின் கட்டளையா? நான் இதை ஏற்கவில்லை. ஆனால் சட்டம் மாறும்வரை நம் பிள்ளையின் விண்ணப்பம் காத்திருக்காது. ஆகவே இதற்குள் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெலங்கானா மாநில ஒதுக்கீட்டில் சாதிச் சலுகை கிடைக்காது. ஆனால் அகில இந்திய ஒதுக்கீட்டில் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு இடங்களில் சரிபாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. நம் உஸ்மானியா, காந்தி மருத்துவக் கல்லூரிகளின் இடங்களிலும் அப்படியே. அந்தப் பாதியில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்பட்டோருக்கு 27. இந்த 27 விழுக்காடு வந்தது 2021இல்தான். அதற்கு நீதிமன்றத்திலும் வெளியிலும் போராடியதில் தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கும் இயக்கங்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். ஆக, காந்தி மருத்துவமனைக்கு எதிரே குடியிருக்கிற தமிழ்ப் பிள்ளை மாநில ஒதுக்கீட்டில் பொதுப்பிரிவு. அதே மருத்துவமனையின் அகில இந்திய இடத்துக்கு இடஒதுக்கீட்டுப் பிரிவு. ஒரே மதிப்பெண், ஒரே கட்டடம், ஒரு கதவு மூடியிருக்கிறது, பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது. இது தெரியாமல் முதல் கதவை மட்டும் தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் உண்டு.

இதற்குச் சான்றிதழ் வேண்டும். தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய சாதிச் சான்றிதழ் இருந்தால், அதை ஆதாரமாக வைத்து, பிள்ளை இப்போது வாழ்கிற மாநிலத்து அதிகாரியே இடம்பெயர்ந்தோருக்கான சான்றிதழ் வழங்கலாம் என்று 1980களிலேயே மத்திய உள்துறைச் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. தாசில்தார் அலுவலகத்தில் "உங்கள் ஊருக்குப் போ" என்று விரட்டினால், எழுத்தில் மறுப்பைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே குரல் இறங்கும். பிற்பட்ட வகுப்பினர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சான்றிதழ் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற உறுதியோடு, அந்த நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும். கவுன்சலிங் அறிவித்த பிறகு ஓடினால் கிடைக்காது.

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1950இல் குடியரசுத் தலைவரின் பட்டியல் ஆணை வந்தபோது குடும்பம் எங்கே நிலையாக வாழ்ந்தது என்பதுதான் கணக்கு. அப்போதே இங்கே வாழ்ந்தவர்கள் சட்டப்படி இடம்பெயர்ந்தவர்கள் ஆக மாட்டார்கள். தெலங்கானாப் பட்டியலில் ஆதி திராவிடர் என்ற பெயரும் இருக்கிறது. தாத்தாவின் ரயில்வே சம்பளச் சீட்டு, பட்டாளத்து வேலைச் சான்று, பள்ளிக்கூடப் பதிவேடு, கல்லறைத் தோட்டப் பதிவேடு, எதுவானாலும் 1950க்கு முந்தையதாக இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் துருவேறிக் கிடக்கிற அந்தக் காகிதம் பேத்தியின் எம்.டி. சீட்டுக்கு ஆதாரமாகலாம்.

அடுத்து உள்ளூர்க்காரர் என்ற கேள்வி. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் தெலங்கானாவின் உள்ளூர் மாணவர் ஆக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து நான்கு ஆண்டு இங்கே படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பத்தாவது வரை இங்கே படிக்க வைத்துவிட்டு, "நாமக்கல் பள்ளிக்கூடத்தில் போட்டால் டாக்டர் ஆகிவிடுவான்" என்று கடன் வாங்கி விடுதியில் சேர்ப்பது. அந்த இரண்டு ஆண்டு போனால் பிள்ளை இங்கே உள்ளூர்க்காரன் என்ற தகுதியை இழக்கிறான். தமிழ்நாட்டிலோ பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடும் ஆறாம் வகுப்பு முதல் அங்கேயே அரசுப் பள்ளியில் படித்தவருக்குத்தான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்! எந்த ஊர் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்யுங்கள்.

பட்டமேற்படிப்பில் நிலைமை வேறு. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், பட்டமேற்படிப்பில் குடியிருப்பை வைத்து இடம் ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. எந்தக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தார் என்பதை வைத்து ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் சொன்னது. வெளிமாநிலத்தவராகிய நமக்கு இது பொதுவில் சாதகம். ஆனால் மாநிலங்களின் விதிப் புத்தகங்கள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. வாரங்கல்லில் உள்ள காளோஜி நாராயண ராவ் சுகாதாரப் பல்கலைக்கழகம் வெளியிடுகிற அந்த ஆண்டு அறிவிப்பைப் படிக்காமல், போன ஆண்டு சேர்ந்தவர் சொன்னதை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

மதிப்பெண் குறைந்த பிள்ளை எங்கே போகலாம் என்பதற்கு வருகிறேன்.

டி.என்.பி. என்று ஒரு படிப்பு இருக்கிறது. தேசியத் தேர்வு வாரியம் நடத்துவது. எம்.டி., எம்.எஸ்.ஸுக்குச் சமமானது. பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் அரசு மாவட்ட மருத்துவமனைகளிலும் பயிற்சி. கட்டணத்தை வாரியமே நிர்ணயிக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம்தான், மாத உதவித்தொகையும் உண்டு. எம்.டி. இடம் முடிந்துபோகிற ரேங்குக்குக் கீழேயும் பல துறைகளில் டி.என்.பி. கிடைக்கிறது. இறுதித் தேர்வு கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவையிலேயே தேறாதவர்கள் பலர். ஆனால் கோடி ரூபாய் கடன் தலையில் இல்லாமல் தோற்பது வேறு, கடனோடு தோற்பது வேறு. அதே வாரியம் 2020இல் இரண்டாண்டு டிப்ளமோக்களையும் தொடங்கியது. மயக்க மருந்து, மகப்பேறு, குழந்தை நலம், குடும்ப மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை, ரேடியாலஜி, காசநோய் ஆகிய எட்டுத் துறைகளில். ரேடியாலஜியைக் குறிவைக்கிற பிள்ளைகள் கவனிக்க. போட்டி அங்கேயும் உண்டு, ஆனால் கதவு இருக்கிறது.

துறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோல், ரேடியாலஜி என்று ஏன் இந்தக் கூட்டம்? இரவுப் பணி குறைவு, வரவு அதிகம், நோயாளி செத்தால் அடிதடி இல்லை. குறை சொல்ல மாட்டேன், மூன்றும் நியாயமான ஆசைகள். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள், "மயக்க மருந்து டாக்டரா? அது சர்ஜனுக்குக் கையாள்தானே" என்று பிள்ளையின் மனத்தைக் கெடுக்கிறார்கள். இந்த ஐதராபாத் நகரத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா? குளோரோஃபார்ம் இதயத்தைக் கொல்கிறதா, மூச்சைக் கொல்கிறதா என்று உலகம் சண்டை போட்டபோது, 1888, 1889 ஆண்டுகளில் நிஜாமின் பணத்தில் டாக்டர் எட்வர்டு லாரி இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்திய ஊர் இது. அவரிடம் படித்த ரூபாபாய் ஃபர்துன்ஜி உலகின் முதல் பெண் மயக்க மருந்து வல்லுநர்களில் ஒருவர் என்று சொல்லப்படுகிறவர். லாரியின் முடிவுகள் பல பின்னால் தவறு என்று ஆயின, அது வேறு. அறுவைக் கூடத்தில் நோயாளியின் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் யார் என்பதை நீங்கள் நோயாளியாகப் படுக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

தொழிலாளர்களுக்கு மட்டுமே உள்ள கதவு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது எம்.பி.பி.எஸ். கட்டத்துக்குரியது. சனத்நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி 2016 முதல் எம்.பி.பி.எஸ். நடத்துகிறது. இ.எஸ்.ஐ. சந்தா கட்டுகிற தொழிலாளியின் பிள்ளைகளுக்கு இ.எஸ்.ஐ. கல்லூரிகளில் தனி ஒதுக்கீடு உண்டு. பொது ஒதுக்கீட்டைவிடக் குறைந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்கிறது. குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். முதலாளி உங்கள் சந்தாவைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் போவது மருந்துச் சீட்டு மட்டுமில்லை, பிள்ளையின் மருத்துவ சீட்டும்தான். நம்மவர் பலர் ஒப்பந்தக்காரரிடம் இதைக் கேட்கக்கூடக் கூசுகிறார்கள். கேளுங்கள்.

கவுன்சலிங் சுற்றுகளில் நடக்கிற இழப்புகள் இன்னொரு கொடுமை. விருப்பப் பட்டியலில் பத்துப் பதினைந்து இடம் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் குறைந்தவர்கள்தான் நூறு இடமானாலும் எழுத வேண்டும். ஆனால் சேர மாட்டோம் என்று தெரிந்த இடத்தைக் கடைசிச் சுற்றுகளில் எழுதாதீர்கள். கிடைத்த பின் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப்பிரிவினர் 25,000, மற்றவர் 10,000 கட்டுகிறார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2 லட்சம். ஆகவே நிகர்நிலை வேண்டாம் என்றால் அந்தப் பகுதியில் பதிவே செய்ய வேண்டாம். தனியார் கல்லூரிகள் கவுன்சலிங்குக்கு முன்பே முழுக் கட்டணத்தையும் வெளியிட வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. விடுதி, "இதர" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த வெளியீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தரகர் ஒருவர் "சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறேன், முன்பணம் கொடு" என்றால் அது பொய். மேனேஜ்மென்ட் கோட்டா உட்பட எல்லா இடமும் கவுன்சலிங் வழியாகத்தான் நிரப்பப்படுகிறது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊரில் இருந்த காணி நிலத்தை விற்று முன்பணம் கொடுத்தது. சீட்டும் இல்லை, நிலமும் இல்லை.

உள்ளே போன பிறகு என்ன என்பதையும் பேசாமல் விட முடியாது. குறைந்த ரேங்கில், இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று தெரிந்தால் சக மருத்துவர்களே குத்திக் காட்டுகிற இடங்கள் இருக்கின்றன. மும்பையில் மகப்பேறு மருத்துவம் படித்த பழங்குடிப் பெண் டாக்டர் பாயல் தட்வி 2019 மே மாதம் உயிரிழந்தார். மூத்த மாணவியர் மூவர் மீது சாதித் துன்புறுத்தல் என்று வழக்குப் பதிவாயிற்று. இதே ஐதராபாத்தில், மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வந்த சேலத்துத் தமிழ் மாணவர் செந்தில்குமார் 2008இல் உயிரிழந்தார். மொழி தெரியாத ஊரில், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை அவர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போக ஒரு தமிழ் வீடு இருந்தால் நிலைமை ஓரளவாவது மாறும் என்று நான் நம்புகிறேன். உஸ்மானியாவிலும் காந்தியிலும் நிம்ஸிலும் அகில இந்திய ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். அவர்களைச் சங்கம் தேடிப் போக வேண்டும். அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கூடும். கோச்சிங் கடைக்குக் கொட்டுகிற பணம் மிச்சம்.

அரசிடம் நாம் வைக்கிற கோரிக்கைகள் நீண்டவை அல்ல. மதிப்பெண் எல்லையை இறக்குகிற ஒவ்வொரு முறையும், காலியாகக் கிடக்கும் தனியார் இடங்களை அரசுக் கட்டணத்தில் ரேங்க் வரிசைப்படி நிரப்ப வேண்டும். இடம்பெயர்ந்த பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளியின் பிள்ளை, பள்ளிப் படிப்பு முழுவதையும் ஒரு மாநிலத்தில் முடித்திருந்தால் அங்கேயே சலுகை பெறச் சட்டம் திருத்தப்பட வேண்டும். ஆந்திரத்திலிருந்து மும்பைக்குப் போன தெலுங்குத் தொழிலாளிக்கும், பீகாரிலிருந்து சென்னைக்கு வந்த கட்டடத் தொழிலாளிக்கும் இதே கோரிக்கைதான். அவர்களோடு சேர்ந்துதான் இதைக் கேட்க வேண்டும், தமிழர்கள் மட்டும் தனியாகக் கேட்டால் யார் காதிலும் விழாது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தர நான்கு தோழர்கள் இருப்பார்கள். வருகிறவர்கள் தந்தையின் சாதிச் சான்றிதழ், பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல், இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றை அசலும் நகலுமாகக் கொண்டு வாருங்கள். 1950க்கு முந்தைய காகிதம் ஏதாவது வைத்திருக்கிறவர்கள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள்.